எனக்கு முன்னால் விழித்தவள்

அத்தியாயம் பதினான்கு

எனக்கு முன்னால் யாரோ வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த எண்ணம் முதலில் எப்போது வந்தது என்று சின்னவளுக்கே தெரியாது. யாரிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் என்னவென்று சொல்வது? நாற்காலி வைத்த இடத்தில் இருக்கிறது. மேசை விளக்கு அணைத்தபடி இருக்கிறது. கம்ப்யூட்டரின் மேல் போர்த்திய துணிகூட ஒரு மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. ஆனாலும் காலையில் அதை எழுப்பும்போது, உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் குளியலறைக் கதவைத் தள்ளிவிட்ட மாதிரி ஒரு கூச்சம். உள்ளேயிருந்து யாரோ, 'இரு, வந்துடறேன்' என்பது மாதிரி.

திரை வரும். படம் வரும். இன்டர்நெட் மட்டும் வராது. ஒயர் செருகித்தான் இருக்கும், பின்பக்கம் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் திரையின் மூலையில் ஒரு சின்ன மஞ்சள் முக்கோணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சில நாள் இரண்டு நிமிஷம், சில நாள் இருபது நிமிஷம். அப்புறம், யாரும் எதுவும் செய்யாமலே, முக்கோணம் எழுந்து போய்விடும்.

அவளுடைய வேலை அந்த நேரத்தை நம்பி இருந்தது. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, கொட்டாவிக்கும் இருமலுக்கும் நடுவே பேசிப் பதிந்து அனுப்புவதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். காலையில் சீக்கிரம் உள்ளே நுழைந்தால் தெளிவாகப் பேசும் டாக்டர்கள் கிடைப்பார்கள். தாமதமானால் மிஞ்சுவது, வாயில் எதையோ அதக்கிக்கொண்டு பேசும் எலும்பு டாக்டர் ஒருவர்தான். இந்த மூன்று வாரமாக அந்த எலும்பு டாக்டரோடுதான் அவளுக்குக் குடித்தனம்.

மூன்று வாரம். பெரியவள் வீட்டை விட்டுப் போனதும் அப்போதுதான்.

பெரியவள் என்றால் அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவள். ஒரே வீடுதான். அண்ணன் தம்பிகள் சண்டை சச்சரவில்லாமல் பிரித்துக்கொண்டபோது ஹாலின் நடுவில் ஒரு சுவர் எழும்பியது. முன்கதவு இரண்டாயிற்று. பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் மட்டும் சுவர் இடுப்பளவோடு நின்றுவிட்டது. அந்தக் குட்டைச் சுவரில்தான் இரண்டு மருமகள்களும் முழங்கையை ஊன்றிக்கொண்டு குடும்பம் நடத்தினார்கள்.

இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே பெரியவள்தான். ஆபீஸில் ஒரு பெடல்தான் கொடுத்திருந்தார்கள். காலையில் சின்னவள் காலடியில் இருக்கும், பிற்பகலில் குட்டைச் சுவரைத் தாண்டிப் போகும். அதற்கென்று ஒரு பாஷை வைத்திருந்தார்கள். சுவரில் இரண்டு தட்டு என்றால் 'பெடல் வேணும்'. மூன்று தட்டு என்றால் 'இப்ப வராதே'.

மூன்று தட்டு என்றால் பெரியவளின் கணவர், பெரியத்தான், வீட்டில் இருக்கிறார் என்று பொருள்.

பெரியத்தான் கிடங்கு மேனேஜர். சரக்குக்கும் மனைவிக்கும் அவரிடம் ஒரே நிர்வாகம். எங்கே இருக்கிறது, எப்போது வெளியே போனது, யார் கைக்குப் போனது. முதலில் பெரியவளின் போனை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு வேலைக்குப் போகும்போது முன்கதவை வெளியே பூட்ட ஆரம்பித்தார். அந்தப் பூட்டு விழும் சத்தம் தினமும் சின்னவளுக்குக் கேட்கும். 'அது அவங்க குடும்ப விஷயம்' என்று அவள் கணவன் சொல்லும்போது அவளும் தலையாட்டுவாள். தலையாட்டுவது அவளுக்குச் சுலபமாக வரும்.

கடைசியாகக் குட்டைச் சுவரில் நின்று பேசியபோது பெரியவள் சொன்னது இவ்வளவுதான்: "வேற ஊர்ல ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். எந்த ஊர்னு கேட்காதே. தெரிஞ்சா உன் முகமே சொல்லிடும். பதில் வந்துட்டா கிளம்பிடுவேன்."

மறுநாள் பெரியத்தான் பூட்டைத் திறந்தபோது உள்ளே ஆள் இல்லை. பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. அவள் இல்லாத வீட்டில் படுக்க முடியவில்லை என்று அந்தப் பக்கத்தை இழுத்துப் பூட்டிவிட்டு, பெரியத்தான் சாப்பாடு படுக்கை எல்லாவற்றையும் தம்பி பக்கமே மாற்றிக்கொண்டார். விடியற்காலையில் கிடங்குக்குக் கிளம்புவார். அவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேயும்போதுதான் சின்னவள் எழுந்துகொள்வாள்.

*

"அண்ணி, காபி உடனே வருமா, இல்ல அதுக்கும் இருபது நிமிஷம் காத்திருக்கணுமா?"

கொழுந்தன் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டான். கடைசித் தம்பி. கடைத்தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பேண்ட் பாக்கெட்டிலிருந்து எப்போதும் ஏதாவது ஒரு ஒயர் எட்டிப் பார்ப்பதால் வீட்டில் அவனுக்குப் பெயரே ஒயர்தான்.

"நக்கல் பண்ணாதே ஒயரு. இது ஆன் ஆகறப்பவே நீ பார்க்கணும்னுதான் விடியக்காலையில வரச் சொன்னேன்."

"என்ன பண்ணாம விட்டேன்? ஒயரை மாத்தியாச்சு. மேலே பெட்டியில செருகற ஓட்டையை மாத்தியாச்சு. டிரைவர் புதுசா போட்டாச்சு. ஆன் ஆகும்போது கூடவே முழிச்சுக்கிற வேண்டாத புரோகிராமை எல்லாம் தூங்க வெச்சாச்சு. இனிமே மாத்தணும்னா அண்ணியைத்தான் மாத்தணும்."

"உங்க அண்ணன்கிட்ட கேளு. சந்தோஷமா சம்மதிப்பார்."

"எனக்குக் காது கேட்குது!" என்றது குளியலறையிலிருந்து அவள் கணவனின் குரல், பாதி முகத்துச் சோப்பு நுரையோடு.

ஒயர் சிரித்துக்கொண்டே பட்டனை அழுத்தினான். திரை வந்தது. மஞ்சள் முக்கோணமும் வந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணு கவனிச்சேன்," என்றாள் அவள். "ஞாயித்துக்கிழமையில மட்டும் உடனே வந்துடுது."

"மெஷினுக்கும் லீவா?" என்றவன், அந்தச் சிரிப்பை முடிக்கவில்லை. "பழுதுன்னா அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கும் அண்ணி. தினமும் ஒரே மாதிரி சொதப்பும். இது இஷ்டத்துக்கு வருது, இஷ்டத்துக்குப் போகுது. பழுது மாதிரி இல்ல. மனுஷங்க மாதிரி இருக்கு."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். தான் சொல்லாமல் வைத்திருந்ததை இவன் காபி டம்ளரும் கையுமாகச் சொல்லிவிட்டானே.

ஒயர் தன் லேப்டாப்பை விரித்து, கதவுக்கு மேலே பலகையில் இருந்த பெட்டியோடு பேச ஆரம்பித்தான். அந்தப் பெட்டியிலிருந்துதான் வீட்டுக்குள் எல்லா இணைப்பும் பிரிந்து போகிறது. யார் யார் இப்போது சேர்ந்திருக்கிறார்கள் என்று அதைக் கேட்டால் சொல்லும்.

"இதோ நான். இது அண்ணனோட போன். இது நீங்க..." அவன் விரல் நின்றது. "இதுவும் நீங்க."

அவள் எட்டிப் பார்த்தாள். ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரி. இரண்டிலும் ஒரே பெயர்.

அண்ணி.

அண்ணி.

"இது நான் வெச்ச பேர்தான்," என்றான், தொண்டையைச் செருமிக்கொண்டு. "பெரியண்ணியோட கம்ப்யூட்டர்ல வெச்சேன். அப்புறம் நீங்க வாங்கினப்ப, 'எனக்கும் அக்கா மெஷின் மாதிரியே இருக்கணும், ஒரு எழுத்துகூட மாறக்கூடாது'ன்னு உயிரை எடுத்தீங்க ஞாபகம் இருக்கா? ஒண்ணொண்ணா போடச் சோம்பல்பட்டு, அவங்களுதை அப்படியே அச்செடுத்து உங்களுதுல இறக்கிட்டேன். பேரு, பாஸ்வேர்டு, எல்லாம். ஆபீஸ்காரங்க மெஷினுக்கு மாறாத இன்டர்நெட் எண் ஒண்ணு குடுக்கணும்னாங்களே, அந்த எண்ணும் சேர்ந்து வந்திருக்கு. நான் மாத்த மறந்துட்டேன்."

"அதனால என்ன?"

"ரெண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருந்தா தபால்காரர் என்ன பண்ணுவார்? நீங்க முழிக்கும்போது உங்க மெஷின் முதல்ல கேட்கும்: இந்த எண்ணுல வேற யாராவது இருக்கீங்களான்னு. யாரும் இல்லேன்னா உள்ளே வரும். 'நான் இருக்கேன்'னு பதில் வந்தா, வாசல்லயே நிக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி கேட்கும். இத்தனை வருஷம் நீங்க காலையில, அவங்க மத்தியானம். பெடல் ஒண்ணுதானே. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சதே இல்ல. அதனால தெரியவே இல்ல."

"இப்ப 'நான் இருக்கேன்'னு சொல்றது..."

அவள் முடிப்பதற்குள், திரையில் கீழே இருந்த வரி மறைந்தது. இருந்த இடம் தெரியாமல். சத்தமில்லாமல் எழுந்து போகிறவர்கள் போவது மாதிரி.

அதே கணம் அவளுடைய மஞ்சள் முக்கோணமும் போனது. இணைப்பு வந்துவிட்டது.

இருவர் கண்ணும் பெட்டிக்குப் போயின. பெட்டியிலிருந்து ஒரு ஒயர் அவள் மேசைக்கு இறங்கியது. இன்னொன்று, தூசி படிந்து, சுவரோரமாகவே போய், கொத்தனார் பூசாமல் விட்ட ஒரு துளைக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போயிற்று. பாத்திரம் பிரித்தார்கள், பீரோ பிரித்தார்கள், மின்சார மீட்டரைக்கூடப் பிரித்தார்கள். அந்த ஒரு ஒயரைப் பிரிக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

"பூட்டின வீட்டுல யாரு அண்ணி?" அவன் குரல் சின்னதாகிவிட்டது.

"தானா ஆன் ஆகுமா?"

"ஆகும். நேரம் குறிச்சு வெச்சா ஆகும்." பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்தவன் மாதிரி அவன் தெம்பானான். "அதான். பெரியண்ணி எப்பவோ செட் பண்ணியிருப்பாங்க. சரி, தள்ளுங்க, உங்க எண்ணை மாத்திடறேன். ஒரு நிமிஷ வேலை. நாளையிலேர்ந்து பட்டனைத் தொட்டதும் பறக்கும்."

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இப்ப வேண்டாம் ஒயரு. வேலை நேரம். அப்புறம் பார்க்கலாம்."

"இதுக்காகத்தானே அண்ணி என்னைத் தூக்கத்திலேர்ந்து எழுப்பினீங்க?"

"அப்புறம்."

அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு கிளம்பினான். இதை யாரிடமும் சொல்லாதே என்று சொல்ல அவள் வாசலுக்கு ஓடி வருவதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டான். அவளும் அதற்கு மேல் கூப்பிடவில்லை. கூப்பிட்டுச் சொன்னால், சொல்லக்கூடாதது ஒன்று இருக்கிறது என்று ஆகிவிடும்.

*

கணவன் தன் கண்ணாடிக் கடைக்குப் போனபிறகு வீடு அமைதியாயிற்று. அவள் பெடலை மிதித்தாள், ஒரு டாக்டர் நுரையீரலைப் பற்றிப் பேசினார். காலை எடுத்தாள், நிறுத்தினார். நின்ற இடத்தில் அந்த டாக்டர் அடுத்த வார்த்தைக்காக இழுத்த மூச்சு மட்டும் காதில் தங்கியது. அது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மாதிரி இருந்தது.

நேரம் குறித்து வைத்த மெஷின் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தூங்குமா? பெரியத்தான் வீட்டில் இருக்கும் நாள் அது ஒன்றுதான் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. போன வாரம் துவைக்கும் கல்லின் மேல் மறந்து வைத்த ரொட்டி மறுநாள் காணோம். பூனை என்று நினைத்தாள். ரொட்டி சுற்றியிருந்த காகிதத்தைப் பூனை நான்காக மடித்து வைத்திருந்தது.

பெரியவள் எந்தக் காகிதத்தையும் மடிக்காமல் போட மாட்டாள்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். தன் கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்தாள். நாற்காலியைக் கதவருகே இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, பெட்டியில் இருந்த விளக்குகளைப் பார்த்தாள். அவளுடையது அணைந்திருந்தது. பக்கத்தில், சுவருக்குள் போகும் ஒயர் செருகியிருந்த துளையும் இருட்டுத்தான்.

நின்றுகொண்டே இருந்தாள். தெருவில் யாரோ பழைய பேப்பர் கேட்டுக்கொண்டு போனார்கள். கால் வலித்தது. பைத்தியம்தான் எனக்கு என்று இறங்கப் போனாள்.

பக்கத்துத் துளையில் பச்சை விளக்கு எரிந்தது.

நீங்கள் அறையை விட்டு வெளியேறியதும் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து ஒருவர் அடியெடுத்து வருவாரே, அப்படி. அவள் இல்லை என்று தெரிந்ததும் அது வந்தது. அவள் இடத்தில், அவள் எண்ணில், அவள் பெயரில்.

அவளுக்குப் பயமில்லாமல் இல்லை. அவள் கையை நீட்டி, சுவருக்குள் போகும் ஒயரைப் பெட்டியிலிருந்து உருவினாள். செருகினாள். மறுபடி உருவினாள். செருகினாள்.

இரண்டு தட்டு.

அந்தப் பக்கம் திரையின் மூலையில் இணைப்பு இரண்டு முறை அறுந்து சேர்ந்திருக்கும். பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்குத்தான் அது தெரியும்.

விளக்கு அசையாமல் எரிந்தது. அவள் மூச்சு விடவில்லை.

அணைந்தது. எரிந்தது.

அணைந்தது. எரிந்தது.

அணைந்தது. எரிந்தது.

மூன்று. இப்ப வராதே.

அவள் நாற்காலியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே புரியவில்லை. ஊரெல்லாம் தேடும் மனிதர் தன் கையாலேயே பூட்டிப் பாதுகாக்கும் வீட்டுக்குள் பெரியவள் இருக்கிறாள். குட்டைச் சுவர் ஏறி, பின்கதவு வழியாகத் திரும்பி வந்திருக்கிறாள். அவர் தேட மாட்டாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான். வேலைக்குப் பதில் அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் வரும். வருகிறதா என்று தினமும் விடியலில் திறந்து பார்க்கிறாள். சின்னவளின் மெஷின் கதவைத் தட்டும் ஓசை கேட்டதும், பார்த்ததை முடித்துக்கொண்டு எழுந்து இடம் விடுகிறாள்.

இத்தனை நாளாகக் காத்திருந்தது நான் இல்லை, அவள்தான் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

*

சாயங்காலம் மோட்டார் சைக்கிள் சத்தம் வழக்கத்தை விடச் சீக்கிரம் கேட்டது. கூடவே இன்னும் இரண்டு வண்டி.

அவள் பெடலைத் தூக்கி அதன் விளிம்பால் சுவரில் தட்டினாள். மூன்று. பதிலுக்கு ஒன்றும் வரவில்லை. எங்கேயோ மரம் உரசுவது போல ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

மூன்று அண்ணன் தம்பிகளும் உள்ளே வந்தார்கள். ஒயர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவனுக்கு உள்ள முகம் அவனுக்கு.

"சும்மா தமாஷுக்குத்தான் அண்ணன்கிட்ட சொன்னேன் அண்ணி," என்று முணுமுணுத்தான். "உங்க வீட்டுல பேய் கம்ப்யூட்டர் பார்க்குதுன்னு."

பெரியத்தான் சிரித்தார். அவர் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். "பேயா இருந்தாலும் என் வீட்டுல இருக்கிற பேய் எனக்குத் தெரியணும் இல்லையா? ஏம்மா, நீயும் வா. அவ சாமான் எது எங்க இருக்கும்னு உனக்குத்தான் தெரியும்."

பூட்டைத் திறந்தார். கதவு தயங்கித் திறந்தது.

உள்ளே தன் வீட்டையே கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது சின்னவளுக்கு. அவள் பக்கம் வலது கையில் இருக்கும் சமையலறை இங்கே இடது கையில். தரையெல்லாம் மெல்லிய தூசி. கட்டில், அலமாரி எல்லாம் வெள்ளை பூத்திருந்தன. யாரும் நடமாடாத வீடு என்றுதான் யாரும் சொல்வார்கள். சுவரோரமாக மட்டும், ஒரு ஆள் ஒட்டி நடக்கும் அகலத்துக்கு, தூசி இல்லை. பெரியத்தான் நடு ஹாலில் நின்றார். சுவரோரத்தைப் பார்க்கவில்லை.

"பின்கதவு?" என்றார்.

அவள் கணவன் போய்ப் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தான். "உள்பக்கம் தாழ் போட்டிருக்குண்ணா. கெட்டியா இருக்கு."

"பார்த்தியா? அப்ப யாரும் உள்ளே வரலை," என்று பெரியத்தான் திருப்தியாகத் தலையசைத்தார்.

யாரும் வெளியேயும் போகவில்லை என்று சின்னவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கழுத்து தானாக நிமிர்ந்து, மேலே மரப்பலகை மூடிய பரணைப் பார்க்கப் போயிற்று. பிடித்து இறக்கினாள்.

குளியலறை வாசலில், சிமெண்டுத் தரையில், ஈரமாக ஒரு பாதம் பதிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாக. வெளியே வரும் திசையில்.

பெரியத்தான் அந்தப் பக்கம் திரும்பினார்.

"கை கால் எல்லாம் தூசி," என்று சொல்லிக்கொண்டே சின்னவள் குளியலறைக்குள் நுழைந்து, வாளியில் இருந்த தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டாள். வெளியே வந்து, அந்த ஈரத் தடத்தின் மேலேயே தன் காலை வைத்தாள். அளவு பிசகவில்லை. ஒரு எழுத்துகூட மாறக்கூடாது என்று கேட்டு வாங்கியவள் அல்லவா. அடுத்த காலை எடுத்து வைத்தபோது அந்தத் தடம் அவளுடையதாகிவிட்டது.

"இங்க வந்து கால் கழுவணுமா இப்ப?" என்றான் கணவன்.

"உங்க அண்ணன் வீட்டுத் தண்ணி குறைஞ்சுடாது," என்றாள்.

கம்ப்யூட்டர் ஜன்னலோர மேசையில் இருந்தது. பெரியத்தான் அதை நெருங்குவதற்குள் அவள் போய் அதன் மேல் கையை வைத்தாள். உள்ளங்கையில் இளஞ்சூடு. காய்ச்சல் விட்ட குழந்தையின் நெற்றி மாதிரி.

"சில்லுன்னு இருக்கு," என்றாள். "வாரக்கணக்கா யாரும் தொட்டிருக்க மாட்டாங்க."

ஒயரும் பக்கத்தில் வந்து கையை வைத்தான். அவன் கை அங்கேயே இருந்தது. மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"ஆமாண்ணா," என்றான் அவன். "ஐஸ் மாதிரி இருக்கு. நான்தான் எதையோ தப்பாப் பார்த்திருப்பேன். கிளம்பலாம்."

அத்தோடு போயிருக்க வேண்டும். பெரியத்தான் கதவு வரை போனார். சாவிக்கொத்தை விரலில் சுற்றினார். நின்றார்.

"இருடா. காலையில கடையில வேற ஒண்ணு சொன்னியே. ரெண்டும் ஒரே அச்சுன்னு. பாஸ்வேர்டு முதற்கொண்டு."

ஒயர் தலையைச் சொறிந்தான். "அது... அவங்க மாத்தியிருப்பாங்கண்ணா."

"மாத்தலைன்னா?" பெரியத்தான் திரும்பி வந்து பட்டனை அழுத்தினார். விசிறி சுழலும் ஓசை அந்தப் பூட்டிய வீட்டில் யாரோ பெருமூச்சு விட்டது போல எழுந்தது. "மூணு வாரமா தெருத்தெருவா அலையறேன். யாருக்கு எழுதினா, எந்த ஊருக்குப் போனா, எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கும். இவனைக் கேட்டா, பாஸ்வேர்டு தெரியாது, உடைச்சா உள்ளே இருக்கிறது அழிஞ்சுடும்னான்; வேற கடைக்காரன் எவனையாவது கூப்பிட்டு ஊர் சிரிக்க வேண்டாம்னு விட்டு வெச்சேன். கடைசியில சாவி என் வீட்டுலயே சாப்பாடு போட்டுக்கிட்டு இருந்திருக்கு."

அவர் நாற்காலியை இழுத்து, தோளில் இருந்த துண்டால் தூசியைத் தட்டினார். அந்த நாற்காலியில் தூசியே இல்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

"உட்காரும்மா."

அவள் உட்கார்ந்தாள். உட்கார் என்றால் உட்கார்வதும், சரி என்பதும், தலையாட்டுவதும் உடம்போடு வந்த பழக்கங்கள். திரை வெளுத்தது. நடுவில் ஒரு பெயரும், அதன் கீழ் ஒரு வெற்றுப் பெட்டியும். கோடு ஒன்று அந்தப் பெட்டிக்குள் விட்டு விட்டுத் துடித்தது.

அண்ணி.

தினமும் காலையில் அவள் பார்க்கும் அதே திரை. பெரியவள் வைத்த பாஸ்வேர்டு. தன் மெஷினிலும் அதை அவள் ஒருநாளும் மாற்றியதில்லை. யோசிக்கவே வேண்டாம், விரல்களுக்கே தெரியும். அவளுடைய கால் மேசைக்கடியில் பெடலைத் தேடித் துழாவியது. அங்கே பெடல் இல்லை.

"போடும்மா. உனக்கென்ன பயம்? ஒரு நிமிஷ வேலை."

"போடேன்," என்றான் கணவன், கெஞ்சலும் எரிச்சலுமாக. "அண்ணன் பாவம் எத்தனை நாளா சரியாத் தூங்கல. மறந்து கிறந்து போச்சா உனக்கு?"

மறந்துவிட்டது என்று சொல்லலாம். எவ்வளவு வசதியான வழியை எடுத்துக் கொடுக்கிறான். இன்று அவள் ஏற்கெனவே ஒரு பொய் சொல்லியிருக்கிறாள், இன்னொன்று சொன்னால் தேய்ந்தா போய்விடுவாள்? சொன்னால் எல்லோரும் வீட்டுக்குப் போய்க் காபி குடிக்கலாம். ஆனால் மறந்துவிட்டவளிடம் நாளைக்கு மறுபடி கேட்பார்கள். ஞாபகப்படுத்திப் பார் என்பார்கள். மறந்தவளும் ஒருவிதத்தில் தலையாட்டுகிறவள்தான்.

பரண் பக்கமிருந்து ஒரு துளி தூசி இறங்கி, திரை வெளிச்சத்தில் மிதந்து, விசைப்பலகையின் மேல் உட்கார்ந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அவள் மட்டும் பார்த்தாள். அவளுக்கு மூச்சுக் கேட்டது. பிழைப்பே மூச்சையும் வார்த்தையையும் பிரித்துக் கேட்பதுதானே. இங்கே நான்கு பேர் மூச்சு விடுகிறார்கள். ஐந்தாவதாக ஒருத்தி விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

சின்னவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். மடியில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும், பெரியத்தான்," என்றாள். குரல் உயரவில்லை. தட்டச்சு செய்த அறிக்கையை ஒரு தடவை படித்துச் சரிபார்ப்பவள் போலத்தான் சொன்னாள். "போட மாட்டேன்."